ஒட்டிக்கொண்ட இரு மரபணுக்கள்

மனித உடலின் செல்கள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதி இருந்தபோதிலும், ஒரு செல் எலும்பை உருவாக்குவதும் மற்றொன்று குருத்தெலும்பை உருவாக்குவதும் அவற்றில் எந்தெந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்பதைப் பொறுத்தே அமைகின்றன. டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொண்டு, மரபணுவில் உள்ள செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுவதைத் தூண்டியோ தடுத்தோ இதைத் தீர்மானிக்கும் புரதங்கள் படியெடுத்தல் காரணிகள் எனப்படுகின்றன. குருத்தெலும்புக்கு சாக்ஸ்9 என்னும் காரணியும் எலும்புக்கு ரன்எக்ஸ்2 என்னும் காரணியும் இன்றியமையாதவை. ரன்எக்ஸ்2 இல்லாத எலிகளுக்குக் குருத்தெலும்பாலான கூடு மட்டுமே உருவாகி, எலும்பு உருவாகாமலே போனது 1997இல் வெளிவந்த ஆய்வுகளில் தெரியவந்தது.

இத்தகைய காரணி ஒன்று பிறழ்ந்தால் என்ன நேரும் என்பதை எவிங் சர்கோமாவைப் போலத் தெளிவாகக் காட்டும் எலும்புப் புற்றுநோய் வேறில்லை எனலாம். பெரும்பாலும் சிறுவர்களையும் வளரிளம் பருவத்தினரையும் தாக்கும் இந்நோயை அமெரிக்க நோயியல் அறிஞர் ஜேம்ஸ் எவிங் 1921இல் விவரித்தார். நோய்ச் செல்களில் 11, 22ஆம் குரோமோசோம்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பது 1983இல் அறியப்பட்டது. அந்த முறிவில் ஈ.டபிள்யூ.எஸ்., ஃபிளை1 என்னும் இரு மரபணுக்கள் ஒன்றாக ஒட்டியிருப்பதைப் பாரிசில் ஒலிவியே தெலாத்ர் குழுவினர் 1992இல் கண்டறிந்தனர். நோயாளிகளுள் சுமார் 85 விழுக்காட்டினரிடம் இந்த இணைப்பே காணப்படுகிறது.

இயல்பான ஃபிளை1 ஒரு படியெடுத்தல் காரணியே. ஒட்டிய மரபணுவிலிருந்து உருவாகும் இணைப்புப் புரதத்தில் டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதி ஃபிளை1இடமிருந்தும், மரபணுக்களை வலுவாகத் தூண்டும் பகுதி ஈ.டபிள்யூ.எஸ்.ஸிடமிருந்தும் வந்து சேர்கின்றன. ஜி, ஜி, ஏ, ஏ என்ற நான்கு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. பகுதிகள் இயல்பான செல்களில் பெரும்பாலும் உறங்கிக் கிடக்க, இப்புரதம் அவற்றின்மீது திரண்டு அமர்ந்து, அருகிலுள்ள மரபணுக்களை முடுக்கும் தூண்டுமிடங்களாக அவற்றை மாற்றிவிடுகிறது. அத்தோடு ரன்எக்ஸ்2வையும் பற்றி முடக்குவதால், செல் எலும்புச் செல்லாக முதிரும் வழியும் அடைபடுகிறது.

வலி, வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றால் இந்நோய் எலும்பில் ஏற்பட்ட தொற்றாகவும், நுண்ணோக்கியில் சிறிய வட்டச் செல்களைக் கொண்ட பிற புற்றுநோயாகவும் தோன்றக்கூடும் என்பதால், மரபணு இணைப்பைக் காட்டும் பரிசோதனை நோயறிதலில் பெருந்துணையாகிறது.

இந்த இணைப்புப் புரதம் நலமான செல்களில் இல்லாததால், அதை மட்டும் அழிக்கும் மருந்தே மிகவும் விரும்பத்தக்கது. ஆனால் மருந்து மூலக்கூறு பொருந்தி அமரத்தக்க குழிவு நொதிகளில் இருப்பதுபோல் இதில் இல்லை. இதன் பெரும்பகுதிக்கு நிலையான வடிவமும் கிடையாது. ஆகவே இதற்குத் துணைநிற்கும் புரதங்களைப் பிரிக்கவும் இதன் அளவைக் குறைக்கவும் ஆய்வாளர்கள் முயல்கின்றனர். அம்முயற்சிகள் பலிக்கும்வரை அறுவை, கதிர்வீச்சு, பல மருந்துகள் சேர்ந்த கீமோதெரபி ஆகியவையே சிகிச்சையாக உள்ளன; அம்மருந்துகளுள் ஒன்றான டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால், நோயிலிருந்து மீண்ட குழந்தைகளின் இதயத்தைப் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.