பேரனுடன் ஒரு பேஸ்பால் ஏலம்!

சில மாதங்களுக்கு முன் 64 வயதுப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணெரிச்சல், வாய்க்கசப்பு, மலச்சிக்கல். நாடி பார்த்தேன், பித்தம் தூக்கலாக இருந்தது. "ராத்திரி சரியாத் தூங்கறீங்களா?" என்று கேட்டேன். மனிதர் வாயே திறக்கவில்லை. கூட வந்த அவர் மனைவிதான் போட்டு உடைத்தார். "எங்கே டாக்டர் தூங்கறார்? விடியக்காலம் நாலரைக்கே எழுந்து செல்போனும் கையுமா உட்கார்ந்துடறார். கேட்டா, பேரனோட லீக்காம்!"

பேரன் இருப்பது நியூஜெர்சியில். அங்கே மாலை ஏழு மணிக்குப் பேஸ்பால் ஆட்டம் தொடங்கினால் நமக்கு விடிகாலை 4.30. அதுதான் கணக்கு!

'ஃபேன்டஸி பேஸ்பால்' என்ற பெயரை உங்களில் சிலர் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வாயால் கேட்டிருப்பீர்கள். அங்கே தொழில்முறை அணிகள் 30. ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடும். அந்த நிஜ ஆட்டக்காரர்களில் இருந்து, குடும்பத்தாரும் நண்பர்களும் ஆளுக்கு ஒரு கற்பனை அணி அமைத்துக்கொள்கிறார்கள். சிலர் முறை வைத்து எடுப்பார்கள், சிலர் ஏலம் விடுவார்கள். வழக்கமான ஏலத்தில் ஒருவருக்கு 260 டாலர். கணக்குக்கு மட்டும்தான், கைக்காசு இல்லை! அதற்குள் 23 பேரை எடுக்க வேண்டும். ஒரு நட்சத்திரத்துக்கே 50 டாலரைக் கொட்டிவிட்டால், மற்ற 22 பேரை மீதி 210-க்குள் அடக்க வேண்டும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய நமக்குத் தெரியாத வித்தையா இது?

பிறகு நிஜ மைதானத்தில் அவர்கள் செய்வதெல்லாம் உங்கள் அணிக்கு வரவு. அடித்த ஹோம் ரன், ஓடித் திருடிய பேஸ், பந்து வீசுபவர் பெற்ற வெற்றி என்று தனித்தனியே கூட்டுவார்கள். 500 முறை மட்டை பிடித்து 150 முறை நன்றாக அடித்தால் சராசரி .300, அது நல்ல ஆட்டம். பத்துப் பேர் ஆடும் லீக்கில் ஒவ்வொரு பிரிவிலும் முதலாவதாக வருபவருக்கு 10 புள்ளி, கடைசிக்கு 1. ஜப்பான்காரர் ஷோஹெய் ஓத்தானி மட்டையும் பிடிப்பார், பந்தும் வீசுவார். 2024-ல் 54 ஹோம் ரன் அடித்து 59 பேஸும் திருடினார். சில லீக்குகளில் அவரை இரண்டு ஆளாகவே கணக்கு வைக்கிறார்கள்!

இது கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளரும் நண்பர்களும் தொடங்கியது. நியூயார்க்கில் அவர்கள் கூடிச் சாப்பிட்ட உணவகத்தின் பெயரால் 'ரோட்டிஸரி லீக்' என்று அதற்குப் பெயர் வந்தது. அப்போதெல்லாம் செய்தித்தாளைப் பார்த்துக் கையால்தான் கணக்கு. நாங்கள் சித்த மருத்துவக் கல்லூரி விடுதியில் குணபாடப் புத்தகத்தைப் பிரித்து, பக்க எண்ணை வைத்து 'புக் கிரிக்கெட்' ஆடியது நினைவுக்கு வருகிறது. புத்தகம் அதற்குத்தான் அதிகம் பயன்பட்டது என்று எங்கள் ஆசிரியர் சொல்வார்!

சரி, பெரியவர் விஷயத்துக்கு வருவோம். "நிறுத்திடுங்கன்னு சொல்லுங்க டாக்டர்" என்றார் அந்த அம்மா. எனக்கு மனசு வரவில்லை. காரணம், பெரியவர் மெல்லச் சொன்ன ஒரு வார்த்தை. "முன்னெல்லாம் போன் பண்ணினா 'ஹாய் தாத்தா'ன்னுட்டு ஓடிடுவான் டாக்டர். அவனுக்குத் தமிழ் வராது, எனக்கு அவன் இங்கிலீஷ் பிடிபடாது. இப்போ அரை மணி நேரம் என்கிட்டே சண்டை போடறான்." அந்தச் சண்டையைப் பிடுங்கிவிட்டு நான் எந்தச் சூரணத்தைக் கொடுப்பது?

ஆனால் தூக்கம் கெட்டால் பித்தம் ஏறும். இரத்த அழுத்தமும் ஏறும். அதனால் ஒன்று கேட்டேன்: "உங்க லீக்கிலே ஆட்டக்காரர்களைத் தினமும் மாத்தணுமா, வாரம் ஒரு தடவையா?" தினமுமாம். வாரம் ஒருமுறை மாற்றும் முறையும் உண்டே! பேரனிடம் கேட்கச் சொன்னேன். பையன் மற்றவர்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டான். இப்போது ஞாயிறு மாலை அணியை அமைத்துவிட்டால் ஏழு நாள் நிம்மதி. முடிவைக் காலையில் நிதானமாகப் பார்த்தாலும் ரன் ஒன்றும் ஓடிப்போகாது!

மருந்தாகக் கொடுத்தது கொஞ்சம்தான். புதன், சனி எண்ணெய்க் குளியல்; படுக்குமுன் இளஞ்சூடான பாலில் ஒரே ஒரு சிட்டிகை சாதிக்காய்த் தூள். அளவு மீறினால் சாதிக்காய் மயக்கம் தரும், ஜாக்கிரதை. பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். செல்போன் இரவில் கூடத்தில்தான் தூங்க வேண்டும்.

நீங்களும் பிள்ளைகளோடு ஆட நினைத்தால், காசு வைக்காதீர்கள். பந்தயப் பணம் நுழைந்தால் மாமனுக்கும் மருமகனுக்கும் மனஸ்தாபம்தான் மிஞ்சும். நம் நாட்டிலோ பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். அப்புறம், ஜூலையில் கடைசி இடத்தில் இருக்கிறோமே என்று அணியைக் கைவிட்டுவிடாதீர்கள். செப்டம்பர் கடைசி வரை ஆட்டம் இருக்கிறது. குழந்தைகள் அதைக் கவனிப்பார்கள்.

போன வாரம் தம்பதி இருவரும் வந்திருந்தார்கள். கண்ணெரிச்சல் இல்லை, வயிறும் சீராகிவிட்டது. அடுத்த மார்ச் ஏலத்தில் அந்த அம்மாவும் ஓர் அணி எடுக்கப் போகிறாராம்! ஏலத்தை அவர்களுடைய சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைக்கச் சொல்லுங்கள் என்றேன். நமக்கு அப்போது இரவு ஏழரை; சாப்பிட்டுவிட்டே உட்காரலாம்.