மூடாத மடையின் கணக்கு

வேப்பெண்ணெய் பூசிய யூரியா, 45 கிலோ மூட்டை, 266 ரூபாய் 50 காசு. அம்பாசமுத்திரத்தில் வாங்கினாலும் ஆழ்வார்திருநகரியில் வாங்கினாலும் அரசு வைத்த விலை அதுதான். அந்த மூட்டையின் அடக்கவிலை 2,000 ரூபாயைத் தாண்டும். இடையில் உள்ளதை டெல்லி மானியமாகக் கட்டுகிறது. அடக்கவிலையில் முக்கால்வாசி எரிவாயுவின் விலை. நம் வயல் செலவில் பாரசீக வளைகுடா வந்து உட்காரும் இடம் இது.

தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளுக்குக் கீழே பதிவான பாசனப் பரப்பு 86,107 ஏக்கர். கார் பருவத்துக் குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, பிசானத்தின் நடுத்தர வயது ரகங்களுக்கு 150 கிலோ என்பது பரிந்துரை. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். இரண்டு பூவும் முழுப் பரப்பில் விளைவதாக வைத்துக்கொள்வோம். (கடைமடைக்காரர்கள் சிரிப்பார்கள், கணக்குக்காகப் பொறுத்துக்கொள்ளட்டும்.) டி.ஏ.பி.யில் வரும் தழைச்சத்தையும் ஒதுக்கிவிட்டால், ஏக்கருக்கு ஆண்டுக்கு 237 கிலோ, அதாவது ஐந்தேகால் மூட்டை. ஆற்றுப் பாசனம் முழுவதற்கும் 20,000 டன்னுக்குச் சற்று மேல்.

எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கித் திரவமாகிறது. அப்படி ஒரு டன் இருந்தால் இரண்டு டன்னுக்கு மேல் யூரியா செய்யலாம். கத்தாரின் 'கியூ-மேக்ஸ்' வகைக் கப்பல் ஒன்று ஏற்றுவது 2,66,000 கன மீட்டர், எடையில் சுமார் 1,20,000 டன். ஒரே கப்பல், ஒரே நடை: பாபநாசம் முதல் கடல் வரையுள்ள நெல்லுக்கு 12 ஆண்டு யூரியா அதில் அடங்கும். அந்த நாட்டின் உற்பத்தித் திறன் 2010 டிசம்பரில் ஆண்டுக்கு 7.7 கோடி டன்னை எட்டியது. அதாவது இந்தக் கப்பலில் 640 நடைக்கு மேல்.

பரப்பைப் பார்த்தால் வியப்பு கூடும். 1986இல் தூத்துக்குடி பிரிவதற்கு முன்பிருந்த பழைய திருநெல்வேலி மாவட்டம் சுமார் 11,400 சதுர கிலோமீட்டர். கத்தார் 11,500க்குச் சற்று மேல். ஆனால் பழைய மாவட்டப் பரப்பில் 2011 கணக்கெடுப்பின்படி 48 லட்சம் பேர். கத்தாரில் குடியிருப்போர் சுமார் 30 லட்சம், அதிலும் குடியுரிமை உள்ளவர்கள் மூன்று லட்சத்துச் சொச்சம்தான். நெல்லை மாநகராட்சியில் மட்டும் 4.7 லட்சம் பேர். கத்தாரில் வாழும் இந்தியர்களே சுமார் 8 லட்சம், சொந்தக் குடிமக்களைப் போல இரண்டு மடங்கு. 2021 மார்ச் முதல் அங்கே குறைந்தபட்ச மாதக் கூலி 1,000 ரியால். இருப்பிடமும் சாப்பாடும் தராத முதலாளி மேற்கொண்டு 800 தர வேண்டும்.

ஒரு காலத்தில் இரு கரைகளுக்கும் பிழைப்பு ஒன்று: முத்துக்குளிப்பு. ஜப்பானின் வளர்ப்பு முத்து 1930களில் கத்தாரைப் படுக்க வைத்தது. தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961இல் முடிந்தது. உரத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. தூத்துக்குடி ஸ்பிக் தொடங்கப்பட்டது 1969இல், கத்தாரின் உரக் கம்பெனியான காஃப்கோவும் அதே ஆண்டில்தான். ஸ்பிக்கின் யூரியாத் திறன் ஆண்டுக்குச் சுமார் 6.2 லட்சம் டன், காஃப்கோவுக்கு 56 லட்சம் டன். நம் ஆலை பல ஆண்டு நாஃப்தாவை எரித்துவிட்டு, ராமநாதபுரத்திலிருந்து 143 கிலோமீட்டர் குழாய் வந்த பிறகு 2021இல்தான் எரிவாயுவுக்கு மாறியது. காஃப்கோவின் காலடியிலேயே வாயு கிடந்தது.

கிடந்தது என்றாலும் உடனே காசாகவில்லை. கடலடியில் 6,000 சதுர கிலோமீட்டர் விரிந்த வடக்கு வயலை 1971இல் ஷெல் கம்பெனி கண்டபோது தேடியது எண்ணெயை. வாயுவை வாங்க ஆளில்லை. 1995 ஜூனில் தந்தையை விலக்கி ஆட்சிக்கு வந்த ஷேக் ஹமத், கடன் வாங்கித் திரவமாக்கும் ஆலைகளில் போட்டார். 1996 நவம்பரில் அல் ஜசீரா தொலைக்காட்சி. டிசம்பரில் ஜப்பானுக்கு முதல் வாயுக் கப்பல். அமெரிக்கப் படைக்கு அல் உதெய்த் தளம் கட்ட 100 கோடி டாலருக்கு மேல். 2005இல் தொடங்கிய முதலீட்டு நிதியம் இன்று 50,000 கோடி டாலரைத் தாண்டியது. 2022 உலகக் கோப்பைக்காக நாட்டையே புதுப்பிக்க 20,000 கோடி டாலருக்கு மேல் என்று ஒரு மதிப்பீடு. 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது தோகாவில்.

இந்தச் செலவுக் கணக்கைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். செல்வாக்கின் பெரும்பகுதி வேறு பத்தியில் இருக்கிறது என்பது என் எண்ணம். கேட்டு வாங்கியிருக்கக் கூடியதைக் கேட்காமல் விட்டது, மூடியிருக்கக் கூடியதை மூடாமல் விட்டது.

2017 ஜூன் 5. சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்து முற்றுகையிட்டன. அமீரகத்துக்குக் கடலடியில் 364 கிலோமீட்டர் நீளும் டால்ஃபின் குழாயில் அன்றைக்கும் நாளொன்றுக்குச் சுமார் 200 கோடி கன அடி வாயு போய்க்கொண்டிருந்தது. அமீரகத் தேவையில் கால்வாசிக்கு மேல். கத்தார் வால்வைத் தொடவில்லை. தலைமடைக்காரன் சண்டைக்காரனின் வயலுக்கும் தண்ணீரை விட்டால் ஊரில் அவன் பேச்சு எடுபடும். இங்கும் அதுதான் நடந்தது. டோக்கியோவிலும் சியோலிலும் இருந்த வாடிக்கையாளர்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் ஏது? முற்றுகை தொடங்கி ஒரு மாதத்தில், உற்பத்தியை 7.7 கோடியிலிருந்து 10 கோடி டன்னாக உயர்த்தப்போவதாக அறிவித்தார்கள். 2021 ஜனவரி 5 அன்று முற்றுகை விலகியது.

இரண்டாவது பதிவு நம்முடையது. வாயு இறக்குமதி செய்யும் நம் பெட்ரோநெட் நிறுவனம் கத்தாரோடு 1999இல் செய்த ஒப்பந்தம் வளர்ந்து ஆண்டுக்கு 75 லட்சம் டன்னாக நின்றது. 2015இல் சந்தை விலை சரிந்தபோது ஒப்பந்த விலை 12, 13 டாலரில் இருந்தது. பெட்ரோநெட் எடுக்க வேண்டியதை எடுக்காமல் வெளிச்சந்தைக்குப் போனது. எடுக்காவிட்டாலும் பணம் கட்டு என்பது ஒப்பந்தம்; அபராதம் சுமார் 12,000 கோடி ரூபாய். அந்த ஆண்டின் கடைசி நாளில் கத்தார் அதைத் தள்ளுபடி செய்தது, விலைச் சூத்திரத்தையும் மாற்றி 6, 7 டாலருக்கு இறக்கியது. தர்மம் இல்லை. எடுக்காமல் விட்டதைப் பின்னால் எடுக்க வேண்டும், கூடுதலாக ஆண்டுக்கு 10 லட்சம் டன்னும் வாங்க வேண்டும் என்பது பதில் நிபந்தனை. வேறு கடைகள் திறந்துகொண்டிருந்த நேரம் அது. 2023இல் உலகின் முதல் ஏற்றுமதியாளர் அமெரிக்கா.

2024 பிப்ரவரி 6 அன்று கோவாவில் பெட்ரோநெட் இன்னொரு 20 ஆண்டுக்குக் கையெழுத்திட்டது. உளவு பார்த்ததாகக் கைதாகி, மரண தண்டனையும் விதிக்கப்பட்டுப் பிறகு குறைக்கப்பட்ட இந்தியக் கடற்படை முன்னாள் வீரர்கள் 8 பேர் விடுதலையான செய்தி பிப்ரவரி 12 அன்று வந்தது. ஒன்று மற்றதற்கு விலை என்று எந்த அரசும் சொல்லவில்லை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

இந்தச் செல்வாக்கு குண்டைத் தடுக்காது. 2025 ஜூனில் ஈரான் அல் உதெய்த் மீது ஏவுகணை வீசியது, செப்டம்பரில் இஸ்ரேல் தோகாவையே தாக்கியது.

வடக்கு வயலை இன்னும் விரித்து 2030க்குள் ஆண்டுக்கு 14.2 கோடி டன் என்பது கத்தாரின் இலக்கு. அவ்வளவையும் வாங்க ஆள் தேட வேண்டும், விலை பேச வேண்டும். 2015 முதல் குழாய்வலையில் உள்ள யூரியா ஆலைகளுக்கு உள்நாட்டு வாயுவையும் இறக்குமதி வாயுவையும் கலந்து ஒரே சராசரி விலை என்பதால், அந்தப் பேரம் நாட்டின் உர மானியத்தில் நேரடியாக விழும். பெட்ரோநெட்டின் பழைய ஒப்பந்தத்தில் கத்தாரின் ராஸ் லஃபான் துறைமுகத்தில் சரக்கை ஏற்றிக்கொண்டதும் கப்பல் வாடகை நம் தலையில். 2028இல் தொடங்கி 2048 வரை ஓடும் புதியதில் நம் துறைமுகம் வரை கொண்டுவந்து தருவது கத்தாரின் பொறுப்பு.