கெஜட்டில் ஒரு வரி

2021 மார்ச் 20ஆம் தேதி பிறந்த சிறிது நேரத்தில், ஊர் உறங்கும் வேளையில், துருக்கியின் அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியானது. பெண்கள் மீதான வன்முறையையும் குடும்ப வன்முறையையும் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையிலிருந்து துருக்கி விலகுகிறது. கீழே அதிபர் எர்டோகனின் கையெழுத்து. நாடாளுமன்றத்தில் விவாதம் நடக்கவில்லை, வாக்கெடுப்பும் நடக்கவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் அந்த உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்டது இஸ்தான்புல்லில். பெயரே இஸ்தான்புல் உடன்படிக்கை. அதை முதலில் ஏற்ற நாடும் துருக்கிதான். 2011 நவம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தபோது எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. வெளியேறிய முதல் நாடு என்ற பெயரும் இப்போது அதற்கே.

குடும்ப வன்முறைக்கு எதிராகச் சட்டம் வைத்திருக்கும் நாடுகள் இன்று 160க்கும் மேல். ஐ.நா. கணக்கின்படி 2023இல் கணவன், காதலன் அல்லது குடும்பத்தார் கையால் உயிரிழந்த பெண்களும் சிறுமிகளும் சுமார் 51,100 பேர். நாளொன்றுக்கு 140 பேர். சட்டம் இருந்தும் சாவு குறையவில்லையே என்று இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பேசுவது வழக்கம். அதே அளவுக்குப் பேசப்படாத இன்னொன்று உண்டு: இருக்கும் சட்டம் அப்படியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

துருக்கி இழந்தது என்ன என்பதற்கு ஒரு வழக்கைப் பார்த்தால் போதும். ஓபுஸ் எதிர் துருக்கி. நாட்டின் தென்கிழக்கில் தியர்பக்கிர் நகரம். 1995 முதல் ஒரு பெண்ணும் அவருடைய தாயும் அந்தப் பெண்ணின் கணவர் மீது புகார் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அடி, உதை, கொலை மிரட்டல். கைதாகி வெளியே வந்ததும் மறுபடி மிரட்டுவார். பயந்துபோய் இருவரும் புகாரைத் திரும்பப் பெறுவார்கள். புகார்தாரரே இல்லை என்று அதிகாரிகள் கோப்பை மூடுவார்கள். 1998இல் அந்த ஆள் காரைக் கொண்டுவந்து இருவர் மேலும் மோதினார். தாய்க்கு உயிர் போகும் அளவுக்குக் காயம். 2001 அக்டோபரில் மனைவியை ஏழு முறை கத்தியால் குத்தினார்.

இதற்குக் கிடைத்த தண்டனை அபராதம். 83 கோடியே 99 லட்சம் லிரா என்று கேட்டால் பெரிதாகத் தோன்றும். அன்றைய பணவீக்கத்தில் அது 385 யூரோதான். அதையும் எட்டுத் தவணையில் கட்டலாம் என்றது நீதிமன்றம். ஃப்ரிட்ஜ் வாங்குகிறவருக்குக் கடைக்காரர் செய்துதரும் வசதி.

2002 பிப்ரவரி இறுதியில் தாய் மீண்டும் அரசு வழக்கறிஞரிடம் மனு கொடுத்தார். அடுத்த மாதமே, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டுப் புறப்பட்டவரை மருமகன் வழிமறித்துச் சுட்டுக் கொன்றார். மானப் பிரச்சினை என்று நீதிமன்றத்தில் சொன்னார். 2008இல் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனை, ஆத்திரமூட்டப்பட்டார் என்ற காரணத்தால் 15 ஆண்டு 10 மாதமாகக் குறைந்தது. ஏற்கெனவே சிறையில் இருந்த காலத்தைக் கழித்து, மேல்முறையீடு முடியும்வரை என்று விடுதலையும் செய்தார்கள். வெளியே வந்தவர் மறுபடி முன்னாள் மனைவியைத் தேடத் தொடங்கினார்.

2009 ஜூனில் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் துருக்கி மனித உரிமைகளை மீறியது என்றது. குடும்ப வன்முறையிலிருந்து காக்கத் தவறுவது பாலினப் பாகுபாடு என்று அந்நீதிமன்றம் ஏற்றது அதுதான் முதல்முறை.

இரண்டு ஆண்டு கழித்து வந்த இஸ்தான்புல் உடன்படிக்கையைப் படிப்பவருக்கு, இந்த வழக்கின் ஆவணங்களை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் எழுதினார்களோ என்று தோன்றும். பாதிக்கப்பட்டவர் புகாரைத் திரும்பப் பெற்றாலும் வழக்கு தொடர வேண்டும் என்கிறது 55ஆவது பிரிவு. மானம், மரபு, மதம் எதையும் வன்முறைக்கு நியாயமாகக் காட்டக் கூடாது என்கிறது 42. கட்டாய சமரசப் பேச்சைத் தடுக்கிறது 48. இவை நடக்கின்றனவா என்று நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுத ஒரு சுயேச்சையான வல்லுநர் குழுவும் உண்டு. விலகலால் போனவற்றில் பெரியது இந்தக் கடைசி ஏற்பாடு என்பேன். சட்டத்தை வீட்டுக்குள்ளேயே இயற்றிக்கொள்ளலாம். வெளியிலிருந்து வந்து கேள்வி கேட்கும் ஆளை இயற்றிக்கொள்ள முடியாது.

விலகலுக்கு அரசு சொன்ன காரணம், ஓரினச்சேர்க்கையை இயல்பாக்க நினைப்பவர்கள் உடன்படிக்கையைக் கைப்பற்றிவிட்டார்கள், அது துருக்கியின் குடும்ப விழுமியங்களுக்கு ஒவ்வாது என்பது. எங்களிடம் 6284ஆம் எண் சட்டம் இருக்கிறது, அது போதும் என்றும் சொன்னார்கள். அந்தச் சட்டம் இருப்பது உண்மை. 2012இல் உடன்படிக்கையை ஒட்டி வந்த நல்ல சட்டமும்கூட. ஆனால் 2023 தேர்தலுக்கு முன் ஆளும் தரப்போடு கூட்டணி பேசிய புதிய நலக் கட்சி கைவைக்கச் சொன்னது அதே 6284 மேல்தான். அதிபரின் முடிவை எதிர்த்த வழக்குகளை உச்ச நிர்வாக நீதிமன்றம் 2022 ஜூலையில் தள்ளுபடி செய்தது. மூன்று நீதிபதிகள் ஒருபக்கம், இருவர் மறுபக்கம். நாடாளுமன்றம் எதிர்ப்பே இன்றி ஏற்றதைத் தனி ஒருவர் கையெழுத்தால் நீக்கலாமா என்ற கேள்வி அந்த ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்ந்தது.

எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். துருக்கியில் கொல்லப்படும் பெண்களின் பட்டியலைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வெளியிடுவது ஒரு பெண்கள் அமைப்பு. செய்திகளை ஒவ்வொன்றாகப் புரட்டித் தொகுக்கிறது. 2024இல் 394 கொலைகள், சந்தேகத்துக்குரிய வகையில் இறந்தவர்கள் மேலும் 259 பேர் என்பது அதன் கணக்கு. சட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் புறம்பாகச் செயல்படுவதாக இந்த அமைப்பையே மூடச் சொல்லி வழக்குத் தொடர்ந்தது அரசுத் தரப்பு. 2023 செப்டம்பரில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. மறுத்திருக்காவிட்டால் எண்ணுவதற்கும் ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

காம்பியாவில் ஆபத்து வேறு வாசல் வழியாக வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தச் சிறிய நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 73 பேர் பிறப்புறுப்புச் சிதைப்புக்கு ஆளானவர்கள். 2015இல் சர்வாதிகாரி யாயா ஜாமே அதைத் தடைசெய்தார். மூன்று ஆண்டு வரை சிறை, சாவு நேர்ந்தால் ஆயுள். சட்டம் வந்தது, உறங்கியது. எட்டு ஆண்டுகளில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. சட்டத்தைக் கொண்டுவந்தவரே 2017இல் நாட்டைவிட்டுப் போய்விட்டார்.

2023 ஆகஸ்டில்தான் முதல் தண்டனை. எட்டுப் பெண் குழந்தைகளைச் சிதைத்ததாக மூன்று பெண்களுக்குத் தலா 15,000 தலாசி அபராதம். குழந்தைகளில் மிகச் சிறியதற்கு நான்கு மாதம். அபராதத்தை ஒரு பிரபல இமாம் முன்னின்று கட்டினார். சட்டம் முதன்முறையாக அசைந்ததுமே அதை ஒழிக்கும் இயக்கமும் எழுந்தது. 2024 மார்ச்சில், தடையை நீக்கும் மசோதாவை மேற்கொண்டு பரிசீலிக்கலாம் என 42 உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். வேண்டாம் என்றவர்கள் நான்கு பேர். 58 பேர் கொண்ட அந்த அவையில் பெண்கள் ஐந்தே பேர். நிறைவேறியிருந்தால் இத்தகைய தடையை விலக்கிக்கொண்ட முதல் நாடாகியிருக்கும் காம்பியா. பாதிக்கப்பட்ட பெண்களும் மருத்துவர்களும் நாடாளுமன்றக் குழு முன் வந்து சாட்சி சொன்னார்கள். ஜூலை 15ஆம் தேதி மசோதா தோற்றது.

தோற்றதோடு முடியவில்லை. தடையை எதிர்ப்பவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஆகஸ்டில் ஒரு மாதக் குழந்தை ஒன்று சிதைப்பால் ரத்தம் வடிந்து இறந்தது.

பயன்படுத்தாத சட்டத்துக்கு ஆதரவாளர்களும் உருவாவதில்லை என்பதைக் காம்பியாவில் பார்க்கலாம். எட்டு ஆண்டு ஒழுங்காக அமல்படுத்தியிருந்தால் அந்தத் தடை ஊர்ப் பழக்கமாகவே ஆகியிருக்கலாம். உறங்கவிட்டதால், விழித்த அன்று அது அந்நியமாகத் தெரிந்தது.

ரஷ்யா சட்டத்தை நீக்கக்கூட இல்லை, எடையைக் குறைத்தது. எலும்பு முறியாத, முதல்முறை அடி குற்ற வழக்காகாது, வெறும் நிர்வாக மீறல் என்று 2017இல் மாற்றினார்கள். ஐயாயிரம் ரூபிளில் தொடங்கும் அபராதம், பெரும்பாலும் அதை அடிவாங்கியவரும் பங்கிடும் குடும்பப் பணத்திலிருந்தே கட்டுவது. கீழவையில் ஆதரவு 380, எதிர்ப்பு 3.

துருக்கியிலும் ரஷ்யாவிலும் பேச்சு ஒன்றுதான்: குடும்பத்தைக் காப்போம். அதைக் கேட்கும்போது அந்த வாசகத்தோடு சண்டை போடுவதைவிட, அதற்கு முன் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. காவல் நிலையத்தில் சமாதானமாகப் போங்கள் என்று அனுப்புவது கூடியிருக்கும். ஆண்டறிக்கை தாமதமாகும், பிறகு வராமலே போகும். தங்கும் விடுதிக்கான நிதி அடுத்த பட்ஜெட்டுக்குத் தள்ளப்படும். அரசிதழ் அறிவிப்பு கடைசியாகத்தான் வருகிறது. வெளிநாட்டு நிதியை நம்பி நடந்த ஏழை நாட்டு மையங்களுக்கு இந்த அவகாசமும் இல்லை. 2025இன் முதல் சில மாதங்களில் அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தின் திட்டங்களில் 83 விழுக்காட்டை ரத்துசெய்தபோது, வன்முறைக்குத் தப்பி வந்த பெண்களுக்கு மருந்தும் ஆலோசனையும் தந்த இடங்களும் அதில் அடங்கின.

அடுத்து லாட்வியா. இஸ்தான்புல் உடன்படிக்கையை 2023 நவம்பரில் ஏற்ற நாடு. இரண்டே ஆண்டில், 2025 அக்டோபர் இறுதியில், விலகலாம் என்று அதன் நாடாளுமன்றம் 56க்கு 32 என வாக்களித்தது. அதிபர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். தலைநகர் ரிகாவில் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். மசோதா திரும்பி வந்தபின் உறுப்பினர்கள் முடிவை ஒத்திவைத்தார்கள்: 2026 அக்டோபர் தேர்தலில் வரப்போகும் புதிய அவை பார்த்துக்கொள்ளட்டும் என்று.