அரசியின் ஓவியர்

புகைப்படக் கருவி இல்லாத காலத்தில், தொலைவில் வாழும் மகளின் முகத்தைத் தாய் எப்படிப் பார்ப்பது? ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவுக்கு அந்த ஏக்கம் இருந்தது. அவருடைய மகள் மேரி அன்டோனெட் பிரான்சின் அரசி. 1778இல் தாய்க்கு அனுப்புவதற்காக அரசியின் உருவத்தை வரைந்தவர், எலிசபெத் விஜே லெ புரூன் என்னும் இளம்பெண். அவருக்கு அப்போது வயது 23.

ஓவியரான தந்தையை 12 வயதிலேயே இழந்த எலிசபெத், தம் தூரிகையை நம்பியே முன்னேறியவர். இருப்பினும், திறமை மட்டும் போதவில்லை. அவருடைய கணவர் ஓவிய வணிகர் என்பதைக் காரணம் காட்டி, அரச ஓவியக் கழகத்தில் அவரைச் சேர்க்கத் தயங்கினார்கள். அரசர் 16ஆம் லூயி குறுக்கிட்ட பிறகே, 1783இல் அவருக்கு இடம் கிடைத்தது.

அதே ஆண்டு பாரிசில் நடைபெற்ற கண்காட்சியில், அவர் வரைந்த அரசியின் ஓவியம் ஒன்று இடம்பெற்றது. அதில் அரசி கனத்த பட்டாடை அணியவில்லை, நகையும் பூணவில்லை. மெல்லிய வெள்ளை மஸ்லின் ஆடையும் வைக்கோல் தொப்பியும் அணிந்து, கையில் ரோஜாவுடன் காட்சியளித்தார். அரசிக்குப் பிடித்த எளிய உடைதான் அது. ஆனால், பார்த்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசியை உள்ளாடையுடன் வரைவதா என்று கேட்டார்கள். உள்நாட்டுப் பட்டை ஒதுக்கிவிட்டு வெளிநாட்டுப் பருத்தியை அணிவதா என்ற குறையும் எழுந்தது. ஓவியம் அகற்றப்பட்டது. கையில் அதே ரோஜாவுடன், பட்டாடை உடுத்திய அரசியை எலிசபெத் மீண்டும் வரைந்தார். அரசியின் ஆடை அரசியின் விருப்பத்திற்கு உட்பட்டதன்று போலும்!

அரசியின் ஆடம்பரத்தைப் பற்றிய வெறுப்பு நாட்டில் பெருகியது. அவரை அன்பான தாயாகக் காட்டும் பெரிய ஓவியத்தை அரசவை விரும்பியது. 1787இல் எலிசபெத் அதனை நிறைவுசெய்தார். ஒரு குழந்தை அரசியின் மடியில் இருக்கிறது. மகள் அவர்மீது சாய்ந்திருக்கிறாள். மூத்த மகன் காலித் தொட்டில் ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறான். ஒரு வயதுகூட நிறையாத சோஃபி என்னும் இளவரசி அவ்வாண்டுதான் இறந்திருந்தாள்.

அந்த ஓவியமும் மக்களின் மனத்தை மாற்றவில்லை. 1789இல் புரட்சி வெடித்தது. 'அரசியின் ஓவியர்' என்ற பெயரே எலிசபெத்துக்கு ஆபத்தானது. அக்டோபர் மாதத்தில் அவர் தம் சிறுமகளுடன் பாரிசைவிட்டு வெளியேறினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அரசி கொல்லப்பட்டார்.

ஆயினும், சொந்த ஊரில் ஆபத்தாக இருந்த அதே பெயர் இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் ரஷ்யாவிலும் அரண்மனைக் கதவுகளைத் திறந்தது. அங்கெல்லாம் உருவ ஓவியங்கள் வரைந்து, தம் சொந்த வருமானத்திலேயே வாழ்ந்த எலிசபெத், 1802இல் பிரான்சுக்குத் திரும்பினார்.