கசடு செய்யும் வேலை

சாக்கடை நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் வெறும் தண்ணீர்தான். மிச்சமுள்ள துளியளவு அழுக்கை எடுக்கத்தான் சுத்திகரிப்பு நிலையத்தில் இத்தனை தொட்டிகள். கம்பிச் சல்லடை துணியையும் பிளாஸ்டிக்கையும் தடுக்கிறது. முதல் படிவுத் தொட்டியில் கனமானவை அடியில் தங்குகின்றன. கரைந்திருக்கும் அழுக்கோ சல்லடையில் சிக்காது, அடியிலும் படியாது. ஏதோ ரசாயனத்தை ஊற்றி அதைப் போக்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். கடைசியில் கலக்கும் குளோரின் கிருமியைக் கொல்லும், அழுக்கைத் தின்னாது. தின்பவை பாக்டீரியாக்கள். அவற்றைப் பயன்படுத்தும் ஒரு வழி 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிடிபட்டது. காற்றை ஊதினால் சாக்கடை நீர் சுத்தமாகும் என்பது முன்பே தெரியும். ஆனால் சுமார் ஐந்து வாரம் பிடித்தது. எந்த ஊர் அவ்வளவு நாள் தேக்கிவைக்கும்? எட்வர்ட் ஆர்டெர்னும் வில்லியம் லாக்கெட்டும் தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடிக்கசடைக் கொட்டாமல் வைத்து, அதன்மேலேயே புதுச் சாக்கடையை விட்டுக் காற்றூதினார்கள். பாலுக்கு உறைமோர் விடுவது போலத்தான். திரும்பத் திரும்பச் செய்ததில் ஒரே நாளுக்குள் வேலை முடிந்தது. அருவருத்துக் கொட்டிய கசடுதான் துப்புரவுக்காரர்!

ஆகவே சுத்திகரிப்பு நிலையத்தை இயந்திரம் என்பதைவிட மாட்டுத்தொழுவம் என்பதே பொருந்தும். தீனியும் காற்றும் தவறக் கூடாது. காற்றூதி நெடுநேரம் நின்றால் மூச்சுக்குக் காற்று வேண்டிய உயிரிகள் மடியும், தொட்டி நாறும். திறப்பு விழாவோடு கணக்கை முடித்துக்கொள்வது அதனால்தான் பெருந்தவறு. இரவும் பகலும் மின்சாரம் செலவழிப்பது உள்ளாட்சிகளுக்குக் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் பெருகும் உபரிக் கசடை மூடிய கலனில் செரிக்கவிட்டால் மீத்தேன் கிடைக்கிறது. சென்னையின் பெரிய நிலையங்களில் அதை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நீரும் வருமானம் தரும். ஆனால் தொழிற்சாலைக்கு விற்கக் கரைந்த உப்பையும் நீக்க வேண்டும், அதைப் பாக்டீரியாவால் எடுக்க முடியாது. அதற்காகவே 2019இல் சென்னையின் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆர்.ஓ. நிலையங்கள் வந்தன. அந்த நீர் தொழிற்சாலைகளுக்குப் போவதால் அந்த அளவுக்குக் குடிநீர் மிஞ்சுகிறது.

பணத்தால் உடனே சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. ஆலையின் அமிலத்தையோ சாயக்கழிவையோ யாராவது இரவில் சாக்கடைக் குழியில் கொட்டினால், மடிந்த கசடு மறுபடி வளர்ந்து வேலைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை அரைகுறையாய்ச் சுத்தமான நீர்தான் ஆற்றில் விழும்.