ரேடியேட்டரைக் கழற்ற வேண்டுமா? வீட்டுக் குழாய்த் தண்ணீர் முழுவதையும் இறக்கத் தேவையில்லை

பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்களில் பெருநாள் நெருங்கும்போது சுவருக்கு வண்ணம் பூசும் வேலை தொடங்கிவிடும். சுவர் முழுவதையும் பூசிவிடலாம், ரேடியேட்டருக்குப் பின்னால் மட்டும் கை நுழையாது. தூரிகையை உள்ளே விட்டுத் துழாவிவிட்டு, "தெரியாத இடம்தானே" என்று விட்டுவிடுகிறோம். அந்தத் தெரியாத இடத்தில்தான் ஈரமும் கரும்பூஞ்சையும் பல நேரம் குடியிருக்கின்றன. சிறு குழந்தையும் மூச்சிரைப்பு உள்ள பெரியவரும் படுத்துறங்கும் அறையில் அதை அப்படியே விடுவது நல்லதல்ல.

ரேடியேட்டரைக் கழற்ற வேண்டுமென்றால் வீட்டு வெப்பமூட்டும் அமைப்பிலுள்ள தண்ணீர் முழுவதையும் வெளியேற்ற வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த அச்சத்தில் வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள், அல்லது அதற்காகவே பிளம்பருக்குப் பணம் கொடுக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அதற்குத் தேவையே இல்லை. எப்படி என்பதையும், எந்த வீட்டில் நாமே கை வைக்கக் கூடாது என்பதையும் இங்கே விளக்குகிறோம்.

அமைப்பைப் புரிந்துகொள்வோம்

பாய்லர் தண்ணீரைச் சூடாக்குகிறது. பம்ப் அதை ஒரு குழாய் வழியே ரேடியேட்டர்களுக்கு அனுப்புகிறது. சூட்டை இறக்கிவிட்ட தண்ணீர் இன்னொரு குழாய் வழியே பாய்லருக்குத் திரும்புகிறது. இந்த இரண்டு குழாய்களையும் ஏணியின் இரு கால்களாக நினைத்துக்கொண்டால், ஒவ்வொரு ரேடியேட்டரும் நடுவிலுள்ள ஒரு படி. ஒரு படியின் இரு முனைகளையும் அடைத்துவிட்டால் அந்தப் படியை மட்டும் எடுத்துவிடலாம். மற்ற படிகளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த இரு முனைகளிலும் இரண்டு வால்வுகள் இருக்கும். ஒன்று நாம் தினமும் திருகுவது. அது சாதாரணக் கைப்பிடியாக இருக்கலாம், அல்லது 1 முதல் 5 வரை எண் போட்ட தெர்மோஸ்டாட் தலையாக இருக்கலாம். மற்றது 'லாக்‌ஷீல்ட்' வால்வு. இதன் மேல் சும்மா சுற்றும் பிளாஸ்டிக் மூடி இருக்கும். மூடியை இழுத்து எடுத்தால் உள்ளே சிறிய பித்தளைத் தண்டு தெரியும். எந்த ரேடியேட்டருக்கு எவ்வளவு தண்ணீர் என்று பங்கிட்டு வைப்பது இதுதான். ஆகவே இதை எத்தனை சுற்று மூடினோம் என்று எழுதிவைப்பது கட்டாயம். எழுதாமல் விட்டால் பிறகு ஓர் அறை கொதிக்கும், இன்னோர் அறை குளிரும்.

யார் இதில் இறங்கக் கூடாது?

வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரின் அனுமதியின்றிக் கழற்ற வேண்டாம். ரேடியேட்டர் ஒழுகுகிறது, சூடாவதில்லை என்பதுதான் குறை என்றால் அது உங்கள் செலவே அல்ல. இங்கிலாந்தில் ஏழு ஆண்டுக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தங்களில், வீட்டைச் சூடாக்கும் சாதனங்களைப் பழுதின்றி வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. குறையை எழுத்தில் தெரிவித்து, நகலையும் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடிக் கட்டடம் முழுவதற்கும் பொதுவாக ஒரே இடத்திலிருந்து சூடு வரும் வீடுகளிலும் கை வைக்கக் கூடாது. விரல் தடிமனே உள்ள மெல்லிய குழாய்கள் இரண்டும் ரேடியேட்டரின் ஒரே பக்கத்தில் ஒரே வால்வுக்குள் நுழைந்தால், அது வேறு வகை. அதைப் பிளம்பரிடம் விட்டுவிடுங்கள். பாய்லரின் உறையைத் திறப்பது, எரிவாயுக் குழாயைத் தொடுவது ஆகியவை எந்த நிலையிலும் கேஸ் சேஃப் பதிவு பெற்றவரின் வேலை. ரேடியேட்டரைக் கழற்றுவது எரிவாயு வேலை அல்ல என்பதால்தான் அதை நாம் செய்ய முடிகிறது.

எப்போது தொடங்குவது? என்னென்ன வேண்டும்?

கடைகள் திறந்திருக்கும் காலை நேரத்தில் தொடங்குங்கள். கடுங்குளிர் நாளில், இரவில், வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும்போது தொடங்க வேண்டாம். ஏதாவது பிசகினால் வீடே சூடின்றிப் போகும். தெருவிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தும் குழாய் எங்கே என்பதையும் முன்பே பார்த்துவையுங்கள். பெரும்பாலும் சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும்.

தேவையானவை: திருகி அளவு மாற்றும் ஸ்பானர் இரண்டு, ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறக்கும் சிறிய சாவி, வால்வுக்கு அடியில் நுழையும் தாழ்வான தட்டு (பெயின்ட் ரோலர் தட்டு பொருந்தும்), இரண்டு வாளி, பழைய துண்டுகள், பிளாஸ்டிக் விரிப்பு, ரப்பர் கையுறை, காகிதம், பேனா. தூக்குவதற்கு இன்னொருவரும் வேண்டும். உள்ளே தண்ணீர் இல்லாதபோதும் பெரிய இரட்டைப் பலகை ரேடியேட்டர் முப்பது, நாற்பது கிலோ இருக்கும்.

விரிப்பைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். ரேடியேட்டருக்குள்ளிருந்து வருவது குடிதண்ணீர் போன்ற நீரல்ல. இரும்பு அரித்து உண்டான கருஞ்சேறு கலந்த மை போன்ற நீர். கார்ப்பெட்டில் விழுந்தால் கறை போகாது. முடிந்தால் கார்ப்பெட்டைச் சுருட்டி ஒதுக்குங்கள். அருகில் மின்சாரச் சாக்கெட் இருந்தால் அதிலுள்ளவற்றைக் கழற்றிவிடுங்கள்.

கழற்றும் முறை

1. வெப்பமூட்டலை நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் முழுவதும் ஆறும்வரை காத்திருங்கள்.

2. கைப்பிடி வால்வாக இருந்தால் கடிகார முள் சுற்றும் திசையில் முழுவதும் மூடுங்கள். தெர்மோஸ்டாட் தலையாக இருந்தால் இங்கே கவனம் வேண்டும். அதைப் பனிப்பூ அடையாளத்தில் வைத்தால் மூடியதாக ஆகாது. குழாய் உறையாமல் காப்பதற்காக, அறை மிகவும் குளிர்ந்தால் அது தானாகத் திறந்துகொள்ளும். பெயின்ட் வாடை போக ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு உறங்கும் இரவில் அது திறந்தால், விடியும்போது அறையில் கருந்தண்ணீர் நிற்கும். ஆகவே தலையை அதிக எண்ணில் வைத்து, அடியிலுள்ள வளையத்தைத் திருகித் தலையைக் கழற்றுங்கள். புது வால்வுடன் இதற்கென்றே வரும் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு இறுக்கினால், நடுவிலுள்ள ஊசி அமுங்கி வால்வு மூடிக்கொள்ளும்.

3. லாக்‌ஷீல்ட் மூடியை எடுத்துவிட்டு, தண்டை ஸ்பானரால் கடிகாரத் திசையில் மெல்லத் திருகி மூடுங்கள். முக்கால் சுற்றா, ஒன்றரைச் சுற்றா என்று எண்ணி அப்போதே எழுதுங்கள். இறுகிப்போயிருந்தால் பலம் காட்ட வேண்டாம். தண்டைச் சுற்றி ஒழுகத் தொடங்கினால் வேலை பெரிதாகிவிடும்.

4. இரு வால்வும் உண்மையிலேயே மூடியிருக்கின்றனவா என்று இப்போது சோதியுங்கள். துணியைப் பிடித்துக்கொண்டு, ரேடியேட்டரின் மேல்மூலையிலுள்ள காற்றுத் திருகைச் சாவியால் சிறிது திறங்கள். கொஞ்சம் தண்ணீர் பீறிட்டு, அழுத்தம் இறங்கியதும் நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஏதோ ஒரு வால்வு பிடிக்கவில்லை என்று பொருள். திருகை மூடிவிட்டு, வால்வுகளைப் பழைய நிலைக்குத் திருப்பி, பிளம்பரை அழையுங்கள். இதுவரை நீங்கள் எதையும் கழற்றவில்லை, எனவே எந்த இழப்பும் இல்லை.

5. தண்ணீர் நின்றுவிட்டால் காற்றுத் திருகை மூடுங்கள். ஒரு பக்க வால்வுக்கு அடியில் தட்டை வையுங்கள். வால்வையும் ரேடியேட்டரையும் இணைக்கும் பெரிய நட்டில் ஒரு ஸ்பானர், வால்வின் உடலில் இன்னொரு ஸ்பானர். வால்வைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் தரைக்குள் போகும் செம்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும். ரேடியேட்டரின் நடுவிலிருந்து வால்வை நோக்கிப் பார்க்கும்போது, கடிகாரத்திற்கு எதிர்த் திசையில் திருகினால் நட் தளரும். சிறிது தளர்த்தினால் போதும், சொட்டத் தொடங்கும்.

6. இப்போது காற்றுத் திருகைத் திறந்தால் மேலிருந்து காற்று நுழைந்து கீழே தண்ணீர் வேகமாக இறங்கும். தட்டு நிறையும்போது காற்றுத் திருகை மூடுங்கள், ஓட்டம் தணியும். உறிஞ்சுகுழலின் மேல்முனையை விரலால் அடைத்தால் உள்ளிருக்கும் பானம் இறங்காமல் நிற்பது போன்றதுதான் இது. நிற்காவிட்டால் நட்டைச் சற்றே இறுக்குங்கள். தட்டை வாளியில் கொட்டிவிட்டு மீண்டும் திறங்கள். பெரிய ரேடியேட்டரில் பத்து லிட்டர் வரை இருக்கலாம், அவசரப்பட வேண்டாம்.

7. ஓட்டம் நின்றதும் மறுபக்க நட்டையும் கழற்றுங்கள். இருவராகச் சேர்ந்து ரேடியேட்டரைத் தாங்கிகளிலிருந்து நேராக மேலே தூக்குங்கள். அடியில் சேறு தங்கியிருக்கும். திறந்த வாய்களைப் பிளாஸ்டிக் பையால் கட்டிய பிறகே அறையை விட்டு வெளியே கொண்டு செல்லுங்கள்.

வடித்த நீரில் துருத் தடுப்பு மருந்து கலந்திருக்கும். அதைத் தோட்டத்திலோ தெரு மழைநீர் வடிகாலிலோ கொட்டாமல் கழிப்பறையில் ஊற்றுங்கள்.

கழற்றியிருக்கும் காலத்தில்

சுவரில் நிற்கும் இரு வால்வுகளின் வாய்க்கும் திருகு மூடி போடுங்கள். பிளம்பிங் கடையில் வால்வின் படத்தைக் காட்டிக் கேட்டால் தருவார்கள், சிறிய செலவுதான். யாராவது கால் இடறினாலும், குழந்தை திருகிப் பார்த்தாலும் இந்த மூடி காக்கும். மூடி போட்டபின் மற்ற அறைகளுக்கு வெப்பமூட்டலை மீண்டும் இயக்கலாம்.

சுவரில் கரும்பூஞ்சை இருந்தால் காய்ந்த தூரிகையால் தேய்க்காதீர்கள், அதன் நுண்தூள் அறை முழுவதும் பரவும். பூஞ்சைக்கொல்லிக் கரைசலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே வண்ணம் பூசுங்கள். மேலே வண்ணம் பூசி மறைப்பது தீர்வல்ல. ஈரம் மூச்சுக்காற்றாலும் சமையலாலும் படிவதா, வெளிச்சுவர் வழியே வருவதா, வால்வு ஒழுகுவதா என்று கண்டறிய வேண்டும். 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில் அவாப் இஸ்ஹாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டுப் பூஞ்சையில் நீண்ட நாள் மூச்சுவிட்டதே காரணம் என்று 2022இல் மரண விசாரணையில் முடிவு சொல்லப்பட்டது. அக்குழந்தையின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளில் நடைமுறையில் இருக்கிறது. உடனடி ஆபத்தை 24 மணி நேரத்திலும், கடுமையான ஈரம், பூஞ்சை பற்றிய புகாரைப் பத்து வேலைநாட்களிலும் உரிமையாளர் கவனித்தாக வேண்டும். நம்மில் கவுன்சில் வீடுகளில் இருப்போர் இந்த உரிமையைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது

நட்டும் வால்வும் சேரும் பரப்பைத் துடைத்துச் சுத்தமாக்குங்கள். உலோகமும் உலோகமும் பொருந்தித்தான் அங்கே நீர் தடுக்கப்படுகிறது. அந்த நட்டில் வெள்ளை டேப் சுற்றுவதால் பயனில்லை. ரேடியேட்டருக்குள் திருகப்படும் முனையைக் கழற்றியிருந்தால் அதற்குத்தான் டேப். ரேடியேட்டரைத் தாங்கியில் மாட்டி, இரு நட்டையும் முதலில் கையாலும் பிறகு ஸ்பானராலும் இறுக்குங்கள். இப்போதும் வால்வைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

காற்றுத் திருகு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லாக்‌ஷீல்டை எழுதிவைத்த சுற்றுகள் அளவுக்கே திறங்கள். மற்ற வால்வையும் திறங்கள். பிறகு காற்றுத் திருகை மெல்லத் திறந்து, காற்று சீறி முடிந்து தண்ணீர் வந்ததும் மூடுங்கள்.

பாய்லரில் அழுத்தமானி இருந்தால் முள் இறங்கியிருக்கும். பாய்லரின் கையேட்டில் சொன்னபடி நிரப்பும் குழாயைத் திறந்து, குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை ஏற்றி, குழாயை மறக்காமல் முழுவதும் மூடுங்கள். பரணில் சிறு தொட்டி உள்ள பழைய அமைப்பில் தண்ணீர் தானாகவே நிரம்பிக்கொள்ளும். பல ரேடியேட்டர்களைக் கழற்றியிருந்தால் துருத் தடுப்பு மருந்தும் சேர்க்க வேண்டும்.

கடைசியாக வெப்பமூட்டலை இயக்கி, இரு நட்டுகளின் அடியிலும் காய்ந்த டிஷ்யூ தாளைச் சுற்றி வையுங்கள். சூடானபோது ஒருமுறையும் மறுநாள் காலை ஒருமுறையும் பாருங்கள். தாள் நனைந்திருந்தால் வெப்பமூட்டலை நிறுத்தி, ஆறியபின் நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள்.

கணவரை இழந்தவர்கள், தனியே வாழும் முதியவர்கள் பலருக்கு இந்த வேலை தனியே முடியாது. கைத்திறன் உள்ள இளைஞர்கள் தங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டையாவது விசாரித்து, குளிர் தொடங்குமுன் ரேடியேட்டருக்குப் பின்னால் பார்த்துக்கொடுங்கள்.