கிணற்றிலும் எருக்குழியிலும் மறைந்திருக்கும் நச்சு வாயு

காலபோக மழை ஓய்ந்தபின் வன்னிப் பெருநிலப்பரப்பின் கமக்காரர் தோட்டக் கிணறுகளைத் துப்புரவு செய்வது வழக்கம். 2018 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருகியது போன்ற வெள்ளம், சேற்றையும் சருகையும் இறந்த பிராணிகளையும் கிணறுகளுள் கொண்டுவந்து சேர்க்கும். 2009 ஆம் ஆண்டின் பின்னர் மீளக் குடியேறியோரும் பல்லாண்டு பாழ்பட்டுக் கிடந்த கிணறுகளை இறைக்க வேண்டியிருந்தது. இவ்வேலையிலும், எருக்குழி, சாணவாயுக் குழி, மலகூடக் குழி ஆகியவற்றில் இறங்கும் வேலையிலும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றுண்டு. அது ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயுவாகும்.

வாயு உண்டாகும் விதம்

காற்றுப் புகாத சேற்றில் இலை, சாணம் முதலியவை அழுகும்போது நுண்ணுயிர்கள் இவ்வாயுவை உண்டாக்குகின்றன. நீர் தேங்கிய வயலில் சேற்றைக் கலக்கினால் எழும் கூழ்முட்டை நாற்றம் இதனுடையதே. நெல்லின் வேர் கறுப்பதற்கும் இதுவே காரணமாவதுண்டு. திறந்த வயலில் இது சிறிதளவாக எழுந்து காற்றோடு கலந்துவிடுவதால் மனிதருக்குத் தீங்கில்லை. ஆழமான குழியிலோ நிலைமை வேறு. காற்றைவிடப் பாரமான இவ்வாயு அடியிலேயே தங்கிவிடும். சேற்றைக் கிளறியவுடன், அதனுள் அடைபட்டிருந்த வாயு முழுவதும் ஒரே சமயத்தில் வெளிப்படும்.

மூக்கையும் விளக்கையும் நம்பலாகாது

பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கிலும் குறைவாக இருக்கும்போதே இதன் நாற்றம் தெரியும். ஆனால் 100 பங்கு அளவில் சில நிமிடங்களுள் மோப்ப உணர்வு மரத்துப்போகும். அப்போது நாற்றம் நீங்கிவிட்டதென எண்ணுபவர் உண்மையில் பேராபத்தில் நிற்கின்றார். 500 பங்குக்கு மேற்பட்டால் சில நிமிடங்களில் மயக்கமும், 1000 பங்களவில் ஓரிரு மூச்சிலேயே வீழ்ச்சியும் ஏற்படும்.

கிணற்றுள் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் ஒட்சிசன் குறைவென்று அறியலாம். ஆனால் ஆளைக் கொல்லத்தக்க அளவு ஐதரசன் சல்பைட்டு இருக்கும்போதும் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். சாணவாயுக் குழியில் விளக்கு வெடிப்பையும் உண்டாக்கும். மூக்கில் துணி கட்டுவதாலும் இவ்வாயுவைத் தடுக்க முடியாது.

காப்பாற்றச் சென்றோரும் மாண்டனர்

2007 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்துப் பாற்பண்ணை ஒன்றில் அடைபட்ட குழாயைச் சீர்செய்ய ஒருவர் எருக்குழியுள் இறங்கி வீழ்ந்தார். அவரைத் தூக்க ஒருவர் பின் ஒருவராக இறங்கியோரும் வீழ்ந்தனர். பண்ணையாளர், மனைவி, புதல்வியர் இருவர், வேலையாள் ஆகிய ஐவரும் இறந்தனர். இலங்கையிலும் 2018 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஹொறணைப் பகுதியில் இறப்பர்த் தொழிற்சாலைத் தொட்டியொன்றில் வீழ்ந்த தொழிலாளியைக் காப்பாற்ற முயன்றோரும் சேர்ந்து ஐவர் மாண்டனர். அங்கு அமோனியா வாயுவே காரணமெனக் கூறப்பட்டது. வாயு எதுவாயினும் பாடம் ஒன்றே. முதலாமவரின் மரணத்தைப் பின்தொடரும் மரணங்கள் அன்பினாலும் அவசரத்தினாலும் நேர்கின்றன.

இறைக்கும் இயந்திரத்தின் புகை

சிறுபோகத்தில் நீர்மட்டம் தாழும்போது, எண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுள் இறக்கி வைப்போர் உளர். அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நாற்றமே இல்லை. அதுவும் உயிரைக் கொல்லும். எண்ணெய் இயந்திரம் என்றும் கிணற்றுக்கு மேலேயே இருத்தல் வேண்டும். ஆழத்திலிருந்து நீரெடுக்க, நீருள் அமிழ்ந்து இயங்கும் மின்பம்பியே தக்கது.

கைக்கொள்ள வேண்டிய விதிகள்

1. ஆளை இறக்காமல் மேலிருந்தே செய்யக்கூடிய வேலையை மேலிருந்தே செய்க. சேற்றை நீர்விட்டுக் கரைத்துப் பம்பியால் வெளியேற்றலாம்.

2. இறங்கியே ஆகவேண்டுமாயின், வாயு அளக்கும் கருவியை முதலில் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்த்தல் வேண்டும். காற்றூதியின் குழாயை அடிவரை விட்டு, வேலை முடியும்வரை நல்ல காற்றைச் செலுத்துதல் வேண்டும். கருவியும் காற்றூதியும் இல்லாவிடின் இறங்கலாகாது.

3. இறங்குபவரின் மார்பிலும் தோளிலும் வலிய பட்டி பூட்டிக் கயிற்றை மேலே கட்டுக. வலிமையுள்ள இருவர் மேலே நின்று இடைவிடாது கவனித்தல் வேண்டும்.

4. கண் எரிவு, தலையிடி, தலைச்சுற்று எதுவாயினும் தோன்றியவுடன் மேலேறுதல் வேண்டும்.

5. ஒருவர் வீழ்ந்தால் எவரும் பின்னால் இறங்கலாகாது. கயிற்றால் இழுத்தெடுக்க, காற்றைத் தொடர்ந்து செலுத்துக, 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்சை அழைக்க.

6. மயக்கம் தெளிந்தவரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. நுரையீரலில் நீர்கோத்தல் பல மணி நேரம் கழித்தும் ஏற்படக்கூடும்.

கூலிக்கு ஆளை இறக்கும் காணிச் சொந்தக்காரர், அவ்வாளின் உயிருக்குத் தாமே பொறுப்பாளி என்பதை மறத்தலாகாது. பட்டிக்கும் கயிற்றுக்கும் ஆகும் செலவு சிறிது. கருவியையும் காற்றூதியையும் தனியொருவர் வாங்க இயலாவிடின், கமக்காரர் அமைப்பின் அங்கத்தவர் கூடி வாங்கி வைத்து முறையாகப் பயன்படுத்தலாம். கிணறு துப்புரவாகும் நாளை ஒரு வாரம் பின்போடலாம். போன உயிரை மீட்க இயலாது.